நாலு பக்கமும் அம்பு

இந்த முக்காலி ஆடாம மட்டும் பிடிச்சுக்கோங்க அக்கா, மேல இருக்கிற பிடியை நான் சுத்திக்கிறேன். சந்தகையைச் சூடு ஆறறதுக்குள்ள பிழிஞ்சிடணும். ஆறிப்போச்சுன்னா ரெண்டு ஆம்பளைங்க வந்து பிடியில தொங்கினாலும் கீழே இறங்காது. இல்லைங்க, கை சுடாது. தட்டுல இடியாப்பமாட்டம் நூல் நூலா விழுதுங்களா? அவ்வளவுதான் வேலை.

உங்களை மதகுக்கிட்ட நின்னு வர்ற சைக்கிளை எல்லாம் எழுதச் சொல்லி உங்க சைக்கிள் குழுவுல அனுப்பியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். எட்டு மணிக்குத்தானே வருவாங்க? இன்னும் நேரம் இருக்குதுங்க. ஒரு பொம்பளை வாய்க்கால் மேட்டுல தனியா நிக்கறதைப் பார்த்துட்டு உள்ளே கூப்பிடாம இருந்தா என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க? ஏற்கெனவே சொல்லிட்டுத்தான் இருக்காங்க. உங்களைக்கூட நான் எங்க கூப்பிட்டேன்? கையைக் காட்டினேன், நீங்களா வந்தீங்க.

எனக்குப் பேச வராதுங்க அக்கா. சின்ன வயசுலயிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். தினமும் போனேன், ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. ஆனா ரிஜிஸ்டர்ல பாருங்க, பாதி நாள் ஆப்சென்ட்டு. வாத்தியார் "கோகிலவாணி"ன்னு கூப்பிடுவாரு. "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லணும். எனக்கு வாயில காத்துதான் வரும். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற புள்ள "இவ இருக்கா சார்"னு சொன்னாத்தான் உண்டு. அந்தப் புள்ளயும் நாலாவதோட நின்னுடுச்சு. அதுக்கப்புறம் நான் வகுப்புலயே உட்கார்ந்துக்கிட்டு வருஷம் பூரா ஆப்சென்ட்டு.

பாப்பா, அது அக்காவோட சைக்கிள் தொப்பி, கடிக்காதே. சட்டின்னு நினைச்சுக்கிட்டா. ரெண்டு வயசுதானுங்க ஆகுது. இவ எங்க அம்மா மாதிரி, வாய் ஓயாது. எனக்குத்தான் பேச வராது.

அந்த ஆணியில பிளாஸ்டிக் கவர்ல ஒரு காகிதம் தொங்குது பாருங்க. உங்க ஆளுங்க அச்சடிச்ச வரைபடம்தான். நீலமா போறது வாய்க்கால், அந்தத் தடிச்சது பவானி ஆறு. நடுவுல புள்ளி வச்சு என்ன எழுதியிருக்குது? நீங்களே படிங்க. ஆமாங்க. "கோகிலவாணி வீடு, காலை உணவு." ரேஷன் கார்டுக்கு அப்புறம் என் பேரு அச்சுல வந்தது இதுலதானுங்க. ரேஷன் கார்டுலயும் "கோகிலாமணி"ன்னு தப்பா போட்டிருக்காங்க. இதுலதான் சரியா வந்திருக்குது.

இந்தப் பேரு இன்னிக்கு நிக்குமா, அடிபடுமான்னுதான் எனக்கு விடிஞ்சதுலயிருந்து ஒரே யோசனை.

எப்படி வந்துச்சுன்னு கேட்கறீங்களா? உங்க பிரணவ் சார் மூணு மாசத்துக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வழி பார்க்க வந்தாரு. மதகுக்கிட்ட சைக்கிள் பஞ்சர். அந்தச் சைக்கிளை நான் அன்னிக்குத்தான் பார்க்கறேன். ஹேண்டில்பார் கிடாக் கொம்பு மாதிரி வளைஞ்சிருக்குது. டயர் பூராவும் பாகற்காய் மாதிரி முள்ளு முள்ளா இருக்குது. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை. அவ்வளவு விலை போட்டு வாங்கும்போது கேட்டு வாங்கியிருக்கக் கூடாதுங்களா? பெடலை மிதிக்காம விட்டா மட்டும் டிக்கு டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம், ராத்திரியில சுவர்க்கோழி கத்தற மாதிரி. அதுதான் பெல்லு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

என் வீட்டுக்காரரு சம்பத்து, டிப்பர் லாரியில கிராவல் லோடு அடிக்கிறவரு. "இது கிராவல் சைக்கிளுங்க"ன்னு பிரணவ் சார் சொன்னதும் இவரு சைக்கிளைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "இதுல எத்தனை கூடை ஏத்தலாம்?"னு கேட்டாரு. அப்புறந்தான் சொன்னாங்க, கிராவல் ரோட்டுல ஓட்டற சைக்கிளாம். எங்க ஊர்க்காரங்க இந்த வாய்க்கால் கரைக்குத் தார் போடுங்கன்னு எத்தனை மனு கொடுத்திருப்பாங்க! நீங்க என்னடான்னா தார் இல்லைன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு கோயம்புத்தூர்லயிருந்து வர்றீங்க. "நான் கொட்டின கல்லுதான் சார் இதெல்லாம்"னு இவரு ஒரே பெருமை. பிரணவ் சாரு இவரு கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு.

அன்னிக்கும் சந்தகைதான் பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். கதவை ஒருக்களிச்சு, தட்டை மட்டும் வெளியே நீட்டினேன். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊத்தி அந்த சாரு நாலு தட்டு சாப்பிட்டாரு. ஒவ்வொரு தடவையும் கதவிடுக்குல காலித் தட்டு வரும், நான் நிறைச்சு நீட்டுவேன். என் முகத்தை அவரு பார்க்கவே இல்லைங்க. "இந்த வீட்டுலதான் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு"ன்னு சொல்லிட்டாரு. பேரு என்னன்னு கேட்டாரு. நான் சொல்லலை. இவருதான் சொன்னாரு.

அதுலதான் துளசிமணி அக்காவுக்குப் பொறுக்கலைங்க.

துளசிமணி அக்கா யாருன்னா, இவரோட அண்ணன் பொண்டாட்டி. அதோ, வலது பக்கம் கிளை வாய்க்கால் பிரியுதே, அதுல பத்து வீடு தள்ளி. நல்லவங்கதான். மரியாதையாத்தான் பேசணும், எனக்கு மூத்தவங்க. ஆனா குரல் இருக்குது பாருங்க, இங்கிருந்து கூப்பிட்டா ஆத்துக்கு அக்கரையில இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். ஊருக்குள்ள யார் வந்தாலும் "வாங்க வாங்க வாங்க"ன்னு மூணு வாங்க. எங்க பக்கத்துல வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு கேட்கலைன்னா அதைவிட அவமானம் கிடையாதுங்களே. அவங்க பிரணவ் சார்கிட்டயே சொல்லியிருக்காங்க, "கோகிலா வீட்டுல சாப்பிட்டா ஊமைப்படம் பார்த்த மாதிரி இருக்குமுங்க, எங்க வீட்டுக்கு வாங்க"ன்னு. என்கிட்ட ஒரு நாள் வாசல்ல நின்னு, "ஏன்டி, உன் கோலம் எப்பவும் ஒரு பக்கமா சாஞ்சிருக்குது, உன் கழுத்து மாதிரி"ன்னு சொன்னா. சொன்னாங்க.

இதை மனசுல வச்சுக்கோங்க.

போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. நாப்பத்தொரு பேர் வர்றதாச் சொல்லியிருந்தாங்க. மூணு நாளா நான் "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு சொல்லிப் பழகினேன். ஆளுங்க முன்னாடி கூச்சமா இருக்குதுன்னு கொட்டாயில மாட்டுக்கிட்ட நின்னு சொல்லிப் பார்த்தேன். மாடு ஒவ்வொரு தடவையும் வந்துச்சு.

அஞ்சு மணிக்குச் சாணி வாளியை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வர்றேன். எங்க வாசல்தானுங்க நாலு வழியும் சேர்ற இடம். நேரா போனா வாய்க்கால் கரை. இடது பக்கம் ஆத்துக்கு இறங்குது. வலது பக்கம் கிளை வாய்க்கால். பின்னாடி கோபி டவுனுக்குப் போற வழி, நீங்க வந்தது. அந்த நடு இடத்துல பார்த்தா, சுண்ணாம்புல ஒரு கோடு. ஒரு முழம் இருக்கும். ஒரு முனையில மட்டும் ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு இழுப்பு. இன்னொரு முனை மொட்டை. புள்ளி இல்லை, பூ இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சு போச்சுங்க. ஒரு பக்கமா சாஞ்ச கோலம்! யாரு போட்டிருப்பா? நீங்களே சொல்லுங்க. விருந்து வர்ற நாளாப் பார்த்து, என் வாசல்லயே என்னைக் குத்திக் காட்டியிருக்கா.

அழிச்சிருக்கலாம். அழிச்சா அவ ஜெயிச்ச மாதிரி. அதனால கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, அவ போட்ட மொட்டையிலயே நிறைவா போட்டுக் காட்டறேன்னு உட்கார்ந்தேன். அவ ஒரு பக்கம் இழுத்தாளா? நான் நாலு பக்கமும் இழுத்தேன். ஒவ்வொரு முனையிலயும் அதே ரெண்டு இழுப்பு. பாதத்தை வச்சு அளந்து, ஒரு விரக்கடை கூடாம குறையாம. நடுவுல ஒரு தாமரை. மதகுச் சுவர் மேல ஏறி நின்னு பார்த்தேன் அக்கா, அச்சுல வார்த்த மாதிரி நாலு திசையும் நின்னுச்சு. என் வாழ்நாள்ல அப்படி ஒரு கோலம் நான் போட்டதில்லை.

என்னங்க அக்கா, முக்காலியை விட்டுட்டீங்க? பிடிங்க பிடிங்க. நாலா? ஆமாங்க, நாலு. மூணு போட்டா நல்லா இருக்காதுங்களே.

சரி, கேளுங்க. ஏழே முக்காலுக்கு முதல் சைக்கிள் டிக்கு டிக்குன்னு வந்துச்சு. நான் கதவுக்குப் பின்னாடி. பின்னாலயே அஞ்சாறு பேர். எல்லாரும் டவுசருக்குள்ள தலையணை வச்சுத் தச்ச மாதிரி போட்டுக்கிட்டு, என் கோலத்தைச் சுத்தி நின்னாங்க. எவ்வளவு நேரம் ரசிச்சாங்க தெரியுங்களா!

"எந்தப் பக்கம்டா?"னு ஒருத்தரு கேட்டாரு.

"எல்லாப் பக்கமும் போட்டிருக்குதே."

"அப்ப எப்படி வேணாலும் போலாம் போல. நடுவுல பூ வேற போட்டிருக்காங்க."

"மலர்ந்து போகச் சொல்றாங்கடா. வா!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் மிதிச்சுட்டாங்க. நான் வாயைத் திறந்தேனுங்க, சத்தியமா திறந்தேன். காத்துதான் வந்துச்சு. சரி, பசிக்கட்டும்னு ஒரு சுத்து சுத்திட்டு வருவாங்க போலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அப்புறம் வந்தவங்களும் அதே மாதிரி நின்னு, தலையைச் சொறிஞ்சு, பிரிஞ்சு போனாங்க. பிரணவ் சார் முன்னாடியே வந்து நிக்கறதாச் சொன்னவரு, அஞ்சு கிலோமீட்டருக்கு அந்தாண்ட பஞ்சர் ஆகிக் கிடந்திருக்காரு.

நேரா போனவங்க நாலே பேர். அவங்கதான் சரியாப் போய்ச் சேர்ந்தாங்களாம், பட்டினியா. பத்துப் பன்னெண்டு பேர் வந்த வழியே திரும்பிப் போய், கோபியில பரோட்டா தின்னாங்களாம். இடது பக்கம் இறங்கினவங்க ஆத்தங்கரைக் கோயிலுக்குப் போயிட்டாங்க. அங்க ஒரு காதுகுத்து. தாய்மாமன் வெளிநாட்டுல இருந்து பத்து வருஷம் கழிச்சு வர்றாரு, நேரமாகுது, ஆளைக் காணோம். அந்த நேரம் பார்த்து தலையில தொப்பியும் கண்ணுல கறுப்புக் கண்ணாடியுமா உங்க ஆளு ஒருத்தரு போய் இறங்கியிருக்காரு. "மாமன் வந்தாச்சு!"ன்னு மாலையைப் போட்டு, மணையில உட்கார வச்சு, புள்ளையைத் தூக்கி மடியில வச்சுட்டாங்க. அவரும் இதுதான் வழியில, வந்ததுக்கு அத்தாட்சியா முத்திரை போடற இடம் போலன்னு உட்கார்ந்துட்டாராம். காது குத்தி முடிஞ்சதும் நிஜ மாமன் கார்ல வந்து இறங்கறாரு. ஒரே சண்டை. யாரு மாமன்னு இல்லைங்க, முதல் பந்தியில யாரு உட்கார்றதுன்னு. அந்தப் புள்ள இப்பவும் சைக்கிளைப் பார்த்தா "மாமா"ங்குதாம்.

சிரிங்க சிரிங்க. எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வரலை.

ஏன்னா வலது பக்கம் போனவங்க எத்தனை பேர் தெரியுங்களா? பதினேழு பேர். துளசிமணி வீட்டு வாசல்ல போய் நின்னிருக்காங்க. "வாங்க வாங்க வாங்க!" கம்மங்கூழு, மோர், கொத்தவரங்காய் வத்தல். பக்கத்துல நின்னு செல்போன்ல படம் வேற எடுத்துக்கிட்டா. எங்க வீட்டுல நாப்பத்தொரு பேருக்குப் பிழிஞ்ச சந்தகை அப்படியே கிடந்துச்சு. நாங்க மூணு நாள் தின்னோம். மாடும் தின்னுச்சு.

பதினோரு மணிக்கு பிரணவ் சார் வந்து மதகு மேல தலையில கையை வச்சு உட்கார்ந்துட்டாரு. "ராத்திரியே வந்து நேரா போங்கன்னு அம்பு போட்டிருந்தோமே, யாருங்க மாத்தினது?"ன்னு கேட்டாரு. வாசல்ல பார்த்தா ஒண்ணும் தெரியலை. அத்தனை டயரும் மாடும் மிதிச்சு என் கோலம் மாவாப் போச்சு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு யோசிச்சேன். அவரு போட்ட அம்பை நான் பார்க்கவே இல்லைங்களே! அம்புன்னா நீல போர்டுல வெள்ளையா இருக்கும், பெரிய ரோட்டுல பார்த்திருக்கேன். என் வாசல்ல அப்படி எதுவுமே இல்லை. அப்பத்தானுங்க எனக்கு விளங்குச்சு. துளசிமணி வெள்ளனே வந்து அம்பை எடுத்துட்டா. எடுத்துட்டு, போதாததுக்கு அந்த மொட்டைக் கோட்டையும் இழுத்துட்டுப் போயிருக்கா. இல்லைன்னா பதினேழு பேர் எப்படி அவ வீட்டுக்குப் போவாங்க?

"நீங்க யாரையாவது பார்த்தீங்களாம்மா?"ன்னு சார் கதவிடுக்குல கேட்டாரு. நான் இல்லைன்னு தலையை ஆட்டினேன். பொய் சொல்ல முடியாதுங்களே. நான் கோலம் போட்டு முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வரலை.

"இன்னும் ஒரு தடவை பார்க்கலாம். அடுத்த மாசமும் இப்படின்னா, சாப்பாட்டை அந்த துளசிமணி அக்கா வீட்டுக்கே மாத்திடறேன். காகிதத்துலயும் பேரை மாத்திடலாம்"னு இவர்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு. அந்த மாசம் பூரா நான் அந்த ஆணியைப் பார்க்கவே இல்லைங்க.

மணி என்னங்க அக்கா? எட்டா? வந்துடுவாங்க. இன்னும் ரெண்டே ஈடுதான்.

இன்னிக்குக் காலையில வாசலுக்கு வர்றேன். நீங்க நம்ப மாட்டீங்க. மறுபடியும் அதே மொட்டைக் கோடு! அதே இடம், அதே சுண்ணாம்பு! நான் கோபப்படலைங்க. விருந்து வர்ற நாள்ல வம்பு எதுக்கு? விட்டுக்கொடுத்துட்டேன். ரெண்டு வாளி சாணித்தண்ணி. பளிச்சுன்னு கழுவிட்டேன்.

எங்க எந்திரிக்கறீங்க? உட்காருங்க அக்கா, முக்காலி சாயுது. அந்த போன்ல இங்க டவர் கிடைக்காது, கொட்டாய்க்கு மேல ஏறி நின்னாத்தான். முகமெல்லாம் ஏன் இப்படி வேர்க்குது? பாப்பா, அக்காவுக்கு விசிறி எடுத்துக் கொடு. தொப்பியில சந்தகையை அள்ளி வச்சுட்டியா? சரி, விடு.

பயப்படாதீங்க, நான் சும்மா விட்டுட மாட்டேன். இந்தத் தடவை வழி போட்டிருக்கேன். எனக்கு வாங்கன்னு சொல்ல வராது. சரி, கை சொல்லட்டும்னு யோசிச்சேன். கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் பாதம் போடுவாங்களே, வாசல்லயிருந்து வெண்ணெய்ச் சட்டி வரைக்கும் குட்டிக் குட்டியா, அது மாதிரி. ஆனா வர்றது சைக்கிளாச்சே, பாதம் எப்படிப் போடறது? ஒரு பாகற்காயை எடுத்தேன். அரிசி மாவுல தோய்ச்சு உருட்டினேன். அசல் உங்க டயர் தடமேதானுங்க! மதகுலயிருந்து உருட்டிக்கிட்டே வந்தேன். வாசல் வழியா, வீட்டுக்குப் பக்கத்துச் சந்து வழியா, மாட்டுக் கொட்டாய் வரைக்கும் ஒரே தடம். அதுக்குள்ள பாகற்காய் நைஞ்சு போச்சு. பரவாயில்லை, கொட்டாயிலயிருந்து இந்த அடுப்படிக்கு எட்டே அடிதான். நீங்க வரும்போது அதை மிதிச்சுக்கிட்டுத்தான் வந்தீங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

ஏன் அக்கா பேனாவை எடுக்கறீங்க? என் பேரை அடிக்கப் போறீங்களா? வேண்டாமுங்க. கொஞ்சம் பொறுங்க. இன்னிக்கு வர்றது முப்பத்தாறு பேருங்களே, ஒருத்தராவது...

கேட்குதுங்களா? மதகுக்கிட்ட. துளசிமணி குரல்தானே அது? "இந்தப் பக்கம் வாங்க! வாங்க! வாங்க!" பாருங்க, வந்து நின்னுட்டா! நான் சொன்னேனா இல்லையா? இனி அத்தனை பேரும் அவ பின்னாலதான். சந்தகை ஆறுது. நான் என்ன பண்ணுவேன், எனக்குப் பேச...

இருங்க. சுத்தறதை நிறுத்தறேன், கேளுங்க. டிக்கு டிக்கு டிக்குன்னு. இந்தப் பக்கமா கேட்குது. சந்துக்குள்ள! பகல்ல ஏது அக்கா இத்தனை சுவர்க்கோழி?

"ஏ கோகிலா! கொட்டாய்க்குள்ள முப்பது பேரு தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டு நிக்கறாங்க! மாடு மிரளுது! யாருன்னு வந்து கேளு!"

எங்க அத்தைதாங்க, இவரோட அம்மா. வந்துட்டாங்க அக்கா! துளசிமணி தொண்டை கிழியக் கூப்பிட்டும் என் தடத்தைப் பிடிச்சுத்தான் வந்திருக்காங்க! இந்தத் தடவை அவ போட்ட கோட்டை நான் கழுவி விட்டுட்டேன் பாருங்க, அதனாலதான். அத்தை மறுபடியும் கத்தறாங்க.

"கோகிலவாணீ! இருக்கியா, இல்லையா?"

"இருக்கேன்!"

ஐயோ அக்கா, இப்பச் சத்தமா சொன்னது நானா? நீங்க கேட்டீங்கதானே? எழுதிக்கோங்க. இல்ல, அதை அப்புறம் எழுதலாம், இப்ப இந்தப் பிடியைப் பிடிங்க, விடாம சுத்துங்க, ஆறிடும். நான் போய் அவங்களை மாட்டுக்கிட்ட சொன்ன மாதிரியே சத்தமா, வாங்கன்னு...